கரிசல் வீட்டு முற்றத்தில் காகிதப்பூ

மலரோடு பிணைந்தது தமிழர் வாழ்வு. நிலத்தைப் பகுத்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மலராலும் மரத்தாலும் பெயரிட்டனர் நம் முன்னோர். போர்த்துறைகளுக்கும் வெட்சி, கரந்தை, வஞ்சி, தும்பை எனப் பூக்களே பெயராயின. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்திக் காட்டியதைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். அந்த வரிசையில் இடம்பெறாத பூ ஒன்று இன்று விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளின் சுற்றுச்சுவர்களிலும் அலுவலக வாயில்களிலும் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது. அதுவே காகிதப்பூ. போகன்வில்லா என்றும் தாள்பூ என்றும் வழங்குவோரும் உளர்.

இப்பூவுக்கு மணம் இல்லை. மகளிர் கூந்தலில் சூடுவதில்லை. மாலையாகத் தொடுப்பாரும் அரியர். வள்ளுவப் பெருந்தகை 'சொல்வன்மை' அதிகாரத்தில், கற்றதைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க மாட்டாதாரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிட்டார். காகிதப்பூவைக் காணும்போது அவ்வுவமை நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் மணம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒரு செடியை ஒதுக்கிவிட முடியுமா? குடத்துடன் குடிநீருக்குக் காத்திருந்த தலைமுறைகளைக் கண்டது நம் கரிசல் பூமி. மல்லிகைக்கு வார்க்க நீரில்லாத வீட்டில் முற்றம் வெறுமையாகவே கிடக்கவேண்டுமா என்பது இங்கு வாழ்வார்க்கு வெறும் அழகியல் வினா ஆகாது. வெயில் நேரே சுவரில் அறையும் வீட்டுக்கும், பசுமை படர்ந்த சுவருடைய வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சித்திரை மாதத்து நண்பகலில் உள்ளே அமர்ந்திருப்போரே அறிவர். குறைந்த நீரில் நிறைந்த பசுமை தரும் இச்செடியை முறையாக வளர்ப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் வரவும்

காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசில், பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் இது காட்டுச்செடியாக வளர்கிறது. பிரெஞ்சுக் கடலோடியான லூயி அந்துவான் தெ போகன்வில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிக் கடற்பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தில் உடன்சென்ற தாவரவியலார் பிலிபேர் கொமர்சோன் என்பவர் 1767ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகர்ப்புறத்தில் இச்செடியைச் சேகரித்துத் தம் கப்பல் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கொமர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேடம் பூண்டு சென்றவர் ழான் பரே என்னும் பெண்மணி. உலகைக் கடல்வழியே சுற்றிவந்த முதற்பெண் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அக்காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏற அனுமதியில்லை. அத்தடையை மீறிச் செடிகொடிகளைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்த அவரது உழைப்பு, தாவரவியல் பயிலும் நம் மாணவியர் அறிந்துகொள்ளத் தக்கது. 1789இல் ழுசியே என்னும் தாவரவியலார் இப்பேரினத்தை முறைப்படி நூலில் வெளியிட்டார்.

இந்தியாவிற்கு இச்செடி 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா வழியாக வந்தது என்பர். அந்நகரின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இதனைப் பெருக்கிப் பரப்பியதில் பெரும்பங்கு கொண்டது. இவ்விடத்தில் ஓர் ஒப்புமை நம் நெஞ்சைத் தொடுகிறது. சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழிலைக் கற்கச் சென்றதும் அதே கல்கத்தாவிற்குத்தான். அவர்கள் கொணர்ந்த தொழிலும், அந்நகர் வழியே நாட்டிற்குள் நுழைந்த இச்செடியும் சிவகாசியில் செழித்ததற்குக் காரணம் ஒன்றே: வறண்ட வானிலை. குச்சியும் மருந்தும் ஒட்டும் தாளும் விரைந்து உலர எந்த வெயில் உதவியதோ, அந்த வெயிலே காகிதப்பூவுக்கும் உணவாயிற்று.

பூ எது? செதில் எது?

நாம் பூவிதழ் என்று கருதும் வண்ணப்பகுதி உண்மையில் பூவன்று. அது பூவைத் தாங்கி நிற்கும் பூவடிச்செதில். அதாவது நிறம் மாறிய இலை. மூன்று செதில்கள் ஒன்றுகூடி நிற்க, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் சிறு குழல் போன்ற வெண்ணிறப் பூ ஒன்று ஒட்டியிருக்கும். அதுவே மெய்யான மலர். மலர் சிறியதாகையால் பூச்சிகளைத் தன்பால் ஈர்க்கும் பணியைச் செதில்கள் ஏற்றுக்கொண்டன. செதில் மெல்லியதாய், நரம்போடியதாய், தொட்டால் தாள்போல் சலசலப்பதால் 'காகிதப்பூ' என்னும் பெயர் நம் மக்கள் வாயில் பிறந்தது. நாட்காட்டியும் நோட்டுப்புத்தகமும் அச்சாகிக் குவியும் சிவகாசியில் இப்பெயர் இன்னும் பொருந்தும். அச்சகத்தார் நான்கு வண்ணங்களுள் ஒன்றாகப் பயன்படுத்தும் மெஜந்தாவே இச்செடியிலும் மிகுதியாகக் காணப்படும் நிறம் என்பது சுவையான செய்தி.

இந்நிறத்தைத் தருவது பீட்டலைன் என்னும் நிறமி. பீட்ரூட் கிழங்கின் செந்நிறமும் இவ்வகை நிறமியாலேயே உண்டாகிறது. ரோசா, செம்பருத்தி போன்றவற்றின் செம்மைக்குக் காரணமான நிறமி வேறு. இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. மாலையில் மலரும் அந்திமந்தாரையும், தரையில் படர்ந்து கீரையாகவும் மருந்தாகவும் பயன்படும் மூக்கிரட்டையும் காகிதப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தொலைதூரத்துச் செடிக்கு நம் வரப்பிலேயே உறவுண்டு.

இலையின் கக்கத்தில் தோன்றும் முள்ளும் நோக்கத்தக்கது. ரோசாவின் முள் தோலின் மேல் எழுவது, எளிதில் பெயர்ந்துவிடும். காகிதப்பூவின் முள்ளோ கிளையே உருமாறி அமைந்தது. தண்டோடு உறுதியாகப் பிணைந்திருக்கும். இச்செடிக்குப் பற்றுக்கம்பிகள் இல்லை. வளைந்த முள்ளை ஊன்றியே பிற செடிகளின்மீதும் சுவரின்மீதும் ஏறுகிறது. எனவே தானே பற்றிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், கம்பியிலோ பந்தலிலோ நாம் கட்டிவிடுதல் வேண்டும்.

வகை தேர்தல்

வீட்டிற்கு எந்த வகையை வாங்குவது என்பது முதல் வினா. ஊதாச் செந்நிறமுடைய பழைய வகை மிக வலியது. வேலிக்கும் நெடுஞ்சுவருக்கும் ஏற்றது. 1910ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் கார்த்தஹீனாவில் கண்டெடுக்கப்பட்ட 'மிசஸ் பட்' என்னும் குங்குமச் சிவப்பு வகை உலகெங்கும் பரவியது. அதனினின்று மொட்டு மாற்றத்தால் தோன்றிய 'மேரி பாமர்' ஒரே செடியில் வெண்மையும் செம்மையும் தரும். 'திம்மா' என்பது இலை நடுவே மஞ்சள் படர்ந்து, பூவற்ற நாளிலும் அழகு காட்டும். 'மஹாரா' அடுக்குச் செதில் உடையது.

நம் நாட்டு அறிஞர்களின் பங்கும் இதில் பெரிது. கோதுமை ஆய்வில் புகழ்பெற்றவரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி. பி. பால், ரோசாவோடு காகிதப்பூவிலும் புதிய வகைகளை உருவாக்கினார். இலக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 'பேகம் சிக்கந்தர்', 'வாஜித் அலி ஷா', 'சித்ரா' முதலிய வகைகள் வெளிவந்தன. உலகில் எங்குப் புதுவகை தோன்றினும் அதன் பெயரைப் பதிவு செய்யும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

முதன்முறை வளர்ப்போர் ஊதாச் செந்நிற வகையிலோ 'மேரி பாமரி'லோ தொடங்குதல் நன்று. இடம் குறுகிய தெருவில் நெட்டையாய் ஓடும் வகையைத் தவிர்த்துக் குட்டை வகையை வாங்குக. நாற்றுப்பண்ணையில் பூத்திருக்கும்போதே செடியைத் தேர்ந்தெடுத்தால் நிறத்தில் ஏமாற்றம் நேராது.

மண்ணும் வெயிலும்

காகிதப்பூவுக்கு முதன்மைத் தேவை வெயில். நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரமாவது நேரடி வெயில் படவேண்டும். நிழலில் நட்டால் இலை செழிக்கும், பூ வாராது. தென்புறச் சுவரும் மேற்புறச் சுவரும் இதற்கு உகந்தவை. பிற செடிகள் கருகும் மேற்கு வெயிலிலும் இது களைப்பதில்லை.

அடுத்தது மண். நம் மாவட்டத்தின் ஒரு பகுதி செவல், பெரும்பகுதி கரிசல். செவல் மண்ணில் நீர் எளிதில் வடியும். அங்குக் காகிதப்பூ தானே வளரும் எனலாம். கரிசலின் இயல்பு வேறு. கோடையில் கைந்நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் நீரைக் குடித்துக் களியாகிப் பல நாள் ஈரம் விடாது பிடித்து வைக்கும். பருத்திக்கு இக்குணம் வரம். காகிதப்பூவின் வேருக்கோ இதுவே கூற்று. வறட்சியால் மாண்ட காகிதப்பூவைக் காண்பது அரிது. நீர் தேங்கி வேரழுகி மாண்டவையே மிகுதி.

கரிசலில் குழி தோண்டி அதனுள் மணலை நிரப்பினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறான முறை. சுற்றிலும் களிமண் இருக்க, நடுவே உள்ள மணற்குழி கிண்ணமாகி மழைநீரைத் தேக்கும். அதனினும் தரைக்குமேல் ஒன்றரை அடி உயரத்திற்கு மேடு அமைத்து அதில் நடுவதே சிறந்தது. மேட்டுக்கு ஒரு பங்கு மண், ஒரு பங்கு உடைத்த செங்கல் சல்லி அல்லது சரளை, ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் எனக் கலந்து கொள்ளலாம். ஆற்றுமணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் செங்கல் சல்லியே எளிதில் கிடைப்பது, வடிகாலுக்கும் உகந்தது.

கன்று உண்டாக்கல்

காகிதப்பூவை விதையால் வளர்ப்பது நம் வழக்கமன்று. நம் பகுதியில் இது விதை பிடிப்பதும் அரிது. போத்து நடுதலே எளிய முறை. மிக இளந்தண்டும் ஆகாது. முற்றி மரமானதும் ஆகாது. பென்சில் பருமனுள்ள இடைத்தரமான தண்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு நறுக்குக. அடிப்பகுதியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை நேராது. கீழ் இலைகளை நீக்கிவிட்டு, மணற்பாங்கான கலவை நிரப்பிய பையில் இரண்டு கணுக்கள் புதையுமாறு ஊன்றவேண்டும். நிழலில் வைத்து ஈரம் காயாமலும் தேங்காமலும் காத்தால் 6 முதல் 8 வாரங்களில் வேர் பிடிக்கும். துளிர் கண்டவுடனே வேர் வந்துவிட்டதாகக் கருதுதல் கூடாது. தண்டில் சேர்ந்திருக்கும் உணவைக்கொண்டே முதல் துளிர் எழும். வேர் பையின் அடியில் தெரியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

எளிதில் வேர்விடாத வகைகளுக்கு விண்பதியம் ஏற்றது. மழைக்காலத் தொடக்கத்தில் கிளையில் ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டிவிட வேண்டும். வேர் நிறைந்தபின் அதற்குக் கீழே வெட்டி நடலாம். கத்தரி வெயிலில் இவ்வேலைகள் எவற்றையும் தொடங்கலாகாது.

நடும் முறை

ஆடி முதல் புரட்டாசி வரை நடவுக்கு உகந்த காலம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வேர் ஊன்றிக்கொள்ளும் வாய்ப்பு அப்போது கிட்டும். காகிதப்பூவின் வேர் மிக மென்மையானது. தடித்த தண்டையும் கூரிய முள்ளையும் கண்டு வேரும் வலியது என்று கருதி, பையைப் பிய்த்து மண்ணை உதறி நட்டால் செடி பட்டுப்போகும். பையின் பக்கங்களைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் இரு கையாலும் ஏந்தி இறக்குதல் வேண்டும்.

சுவரிலிருந்து மூன்றடியேனும் தள்ளி நடுக. கரிசல் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும் இயல்புடையது. அடித்தளத்தை ஒட்டி ஓயாமல் நீர் வார்ப்பது சுவரில் வெடிப்பு உண்டாக வழிவகுக்கும். மேலும், கட்டடம் கட்டியபோது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் சுவரோரத்து மண்ணின் காரத்தன்மையை மிகுவிக்கும். மின்கம்பிக்கு அடியில் நடுவதையும், சிறுவர் ஓடியாடும் நடைவழியோரத்தில் நடுவதையும் தவிர்க்க வேண்டும்.

நீரும் பூவும்

நட்ட முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீர் தேவை. ஓராண்டு கடந்தபின் தரையில் நின்ற செடிக்குக் கோடையில் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனைத்தால் போதும். நாள்தோறும் ஒரு செம்பு நீர் தெளிப்பதைவிட, என்றோ ஒருநாள் இரண்டு குடம் ஊற்றுவது நன்று. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலோட்டமாகவே தங்கிவிடும். ஆழ நனைத்தால் ஈரத்தைத் தேடி வேர் ஆழ்ந்து செல்லும்.

நீர்க்குறைவே இச்செடியைப் பூக்கத் தூண்டுகிறது என்பது பலரும் அறியாத உண்மை. நீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்போது செடி தண்டையும் இலையையும் வளர்க்கிறது. நீர் சற்றே குறையும்போது வளர்ச்சியை நிறுத்திப் பூக்க முற்படுகிறது. இரவு நீண்டு பகல் குறுகும் காலமும் இதற்குத் துணைசெய்யும். ஆதலின் மழை ஓய்ந்த மார்கழியில் நீரை நிறுத்தி, இலை இலேசாகத் துவளும்வரை பொறுத்துப் பின்னர் நீர் விடுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் தை பிறந்தபின் செடி முழுவதும் வண்ணமாகும். முறையாகப் பேணினால் கோடை முடியும்வரை பூ நிற்கும்.

நம் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீருமே இச்செடிக்குப் போதும். சற்றே உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் இது தாங்கும். குடிநீரை இதற்கு வார்க்கவேண்டிய தேவையே எழாது.

கவாத்து

காகிதப்பூ புதிய கிளைகளின் நுனியிலேயே பூக்கும். வெட்டாமல் விட்ட செடி உயரே ஓடி, எட்டாத நுனியில் மட்டும் பூத்து, அடியில் முள்ளும் குச்சியுமாய்க் காட்சி தரும். ஆதலின் கோடைப் பூ முடிந்தபின் ஆனி, ஆடி மாதங்களில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தல் வேண்டும். காய்ந்தவை, நலிந்தவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகியவற்றை அடியோடு நீக்குக. அடியிலிருந்து நேராகப் பாயும் கொழுத்த நீர்க்கிளைகளையும் விட்டுவைத்தல் ஆகாது. புதுத்துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகும். கிளை பெருகப் பூவும் பெருகும். கத்தரிக்கோல் கூர்மையாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். தடித்த கையுறை இன்றி இப்பணியில் இறங்கக்கூடாது. முள் கீறிய இடத்தில் சிலருக்குத் தடிப்பும் எரிச்சலும் உண்டாவதுண்டு; உடனே சோப்பிட்டுக் கழுவுதல் நலம்.

உரமும் நோயும்

ஆண்டுக்கு இருமுறை, கவாத்தின்போதும் மழை ஓய்ந்தபின்னும், செடியொன்றுக்கு இரண்டு மூன்று கைப்பிடி மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் இட்டால் போதும். யூரியா இடுதல் இலையை வளர்த்துப் பூவைக் கெடுக்கும். அடுப்புச் சாம்பல் இடும் வழக்கம் செவல் மண்ணுக்குப் பொருந்தும். இயல்பிலேயே காரத்தன்மை மிகுந்த கரிசலுக்கு அது நன்மை தாராது.

கரிசலில் அடிக்கடி காணும் குறை ஒன்றுண்டு. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும். இதனை நீர்க்குறைவு என்று கருதி மேலும் நீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேர் அதனை ஏற்க இயலாமையே இதற்குக் காரணம். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பையும் ஒரு கிராம் எலுமிச்சை உப்பையும் கரைத்து, மாலை வேளையில் இலைகளில் தெளித்தால் இரண்டு மூன்று தெளிப்பில் பசுமை மீளும். மக்கிய உரம் தொடர்ந்து இட்டுவருவதே நிலையான தீர்வு.

பூச்சிகளுள் மாவுப்பூச்சியும் அசுவினியும் துளிரைத் தாக்கும். பச்சைப்புழு ஒன்று இரவில் இலையோரத்தைக் கடித்துவிட்டுப் பகலில் தண்டோடு தண்டாய் மறைந்திருக்கும். லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் இவை கட்டுப்படும்.

தொட்டியில் வளர்ப்போர்க்கு

மண்தரையே இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. அத்தகைய வீட்டாரும் மனம் தளரவேண்டியதில்லை. ஓரடி அகலமுள்ள மண்தொட்டி போதும். வேர் சற்றே நெருக்குண்டு இருக்கும்போது காகிதப்பூ மிகுதியாகப் பூக்கும். எனவே பெரிய தொட்டியைத் தேடி அலைதல் வேண்டா. அடியில் துளை கட்டாயம் இருக்கவேண்டும். கோடையில் தொட்டிச் செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது நீர் தேவைப்படும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுக.

இங்கு நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைகளில் வேதிப்பொருள் வந்த உருளைகளையும் வண்ணக் குவளைகளையும் மலிவாய்க் கிடைக்கின்றன என்று செடி வைக்க வாங்கலாகாது. கழுவியபின்னும் அவற்றில் எஞ்சுவது என்னவென்று நமக்குத் தெரியாது. தொட்டு விளையாடும் குழந்தைகள் உள்ள வீட்டில் அவை எதற்கும் ஆகா.

பட்டாசு நிலத்தார் கருத வேண்டியவை

பசுமையாய் நிற்கும் காகிதப்பூ எளிதில் தீப்பற்றாது. அதன் சருகோ அவ்வாறன்று. உதிர்ந்த செதில் மெல்லிய தாளைப் போன்றது; காற்றில் பறந்து மூலைகளிலும் கூரை மடிப்புகளிலும் மழைநீர்க் குழாய்களிலும் குவியும். 'மஹாரா' போன்ற அடுக்கு வகைகளில் காய்ந்த செதில் உதிராமல் கொடியிலேயே தங்கிவிடும். சிறு பொறி போதும். பட்டாசுக் கூடங்களைச் சுற்றி உலர்ந்த புல்லும் சருகும் இருத்தல் ஆகாது என்று பாதுகாப்பு விதிகள் கூறுவதன் காரணம் இத்தொழிலில் வாழும் குடும்பத்தார் அனைவரும் அறிந்ததே. விபத்தில் உற்றாரை இழந்த வீடுகள் இல்லாத ஊர் இப்பகுதியில் அரிது. ஆகவே அழகுக்காக நட்ட செடி அச்சத்திற்கு இடமாகிவிடக் கூடாது.

பின்வரும் நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். தொழிற்கூடத்திற்கும் சரக்கறைக்கும் அருகே இச்செடியைப் படரவிடலாகாது. வீட்டில் வளர்ப்போர் நாள்தோறும் சருகைப் பெருக்கி, ஈரமண்ணோடு குழியில் இட்டு மக்கச்செய்க, எரித்தல் வேண்டா. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னர் கூரைமேலும் தார்ப்பாய்மேலும் சாய்ந்த கிளைகளை நறுக்கிவிட்டு, காய்ந்த செதில்களை உதிர்த்து அகற்றுக. திருநாள் மாலையில் செடியின் அடியில் நீர் தெளித்து வைப்பது நன்று. வேலைக்கு உடுத்திச்சென்ற ஆடையை அலசிய நீரை எந்தச் செடிக்கும் ஊற்றாதிருத்தலும் நன்று; மருந்துத் தூள் கலந்த நீர் மண்ணில் தங்கும்.

அயல் வரவு குறித்து

அயல்நாட்டுச் செடியை நம் மண்ணில் பரப்புதல் முறையோ என்று வினவும் பெரியோர் உளர். அவ்வினா நியாயமானதே. வேலிக்கும் விறகுக்கும் என்று வந்த சீமைக்கருவேல் நம் கண்மாய்களையும் தரிசுகளையும் விழுங்கியதைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்பது இயல்பு. ஆடுமாடுகள் தின்று பரப்பும் நெற்றும் விதையும் சீமைக்கருவேலுக்கு உண்டு. காகிதப்பூ இங்கு விதை பரப்புவதில்லை. நாம் போத்து ஊன்றினாலன்றி வேறிடம் செல்லாது. ஆகையால் அத்தகைய அச்சம் இதில் இல்லை எனலாம்.

எனினும் இதற்கொரு குறையும் உண்டு. தேனீக்களுக்கும் சிறு பறவைகளுக்கும் இது பெரிதாக உதவுவதில்லை. அதனை ஈடுசெய்யும் வழியும் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆவாரை கரிசலிலும் சரளையிலும் நீரின்றித் தழைக்கும். பொன்னிறப் பூவும் தரும். காகிதப்பூ ஒன்று நடும் வீட்டார் அதனருகே ஆவாரை ஒன்றும், இயன்றால் வேம்பு ஒன்றும் வைத்தால் முற்றத்தில் வண்ணமும் நிழலும் உயிரினங்களுக்கு உணவும் ஒருங்கே அமையும்.

நிறைவாக

வெயிலில் நிறுத்துதல், வேரில் நீர் தேங்காமை, அளவறிந்து நீர் வார்த்தல், ஆண்டுதோறும் கவாத்து, அன்றாடம் சருகு அகற்றல் ஆகிய ஐந்தையும் கைக்கொண்டால் காகிதப்பூ எவர் வீட்டிலும் பூக்கும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அண்டை வீட்டில் கவாத்து செய்து எறியும் கிளையிலிருந்தே பத்துப் போத்துகள் எடுக்கலாம். மாணவச் செல்வங்கள் இவ்வாடியில் ஆளுக்கொரு போத்து ஊன்றிப் பார்க்கட்டும். ஐப்பசி மழையை அது கடந்துவிட்டால், வரும் பங்குனியில் தெருவே நின்று பார்க்கும் வண்ணம் அவ்வீட்டு வாயிலில் இருக்கும்.